பத்து எண்ணும் வரை

முழங்காலுக்குள் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். உடலிலேயே தடித்த குருத்தெலும்பு முட்டிச் சில்லின் உட்புறத்தில் இருக்கிறது என்பார்கள். அதுவும் பெரும்பாலும் 5, 6 மில்லிமீட்டருக்குள்தான். அந்த வெள்ளைப் படலத்துக்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் எட்டாத அந்த இடத்துக்கு உணவு போவது மூட்டு உறை சுரக்கும் வழுவழுப்பான நீரின் வழியாக. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி, தன்னிடமுள்ள நீரில் கொஞ்சத்தை வெளியே விடுகிறது. காலை எடுக்கும்போது விரிந்து, சத்து கலந்த நீரை உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஊன்றலும் எடுத்தலும் நடக்கும்வரை அதற்குச் சாப்பாடு உண்டு. நின்றால் பட்டினி.

அந்த நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. அசையாமல் கிடந்தால் கெட்டித்துப்போகும். அசைக்க அசைக்க இளகி ஓடும். விடிகாலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் நாலு அடி வைக்க முடியாமல் சுவரைப் பிடித்து நிற்பவர்கள், கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போவதற்குள் கொஞ்சம் தேறிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மூட்டுத் தேய்மானத்தால் வரும் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் விரல்கள் மடங்கவில்லை, மூட்டு வீங்கிச் சுடுகிறது என்றால் அது முடக்குவாதம் போன்ற வேறொரு நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருத்துவரும் மருந்தும் உடனே வேண்டும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வலிக்கிற இடத்தை அசைக்காதே என்றுதான் நம் உடம்பு சொல்கிறது. அன்புள்ளவர்களும் அதையே சொல்கிறார்கள். “நீ சும்மா உக்காரும்மா, நான் பாத்துக்கிறேன்” என்பதைவிடப் பிரியமான வாக்கியம் ஒரு வீட்டில் என்ன இருக்க முடியும்? அறுவை மருத்துவமும் நெடுங்காலம் அந்தப் பக்கமே நின்றது. எலும்பு வைத்தியப் பரம்பரையில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் நகரத்தில் மருத்துவராக இருந்த ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டுக்கு நீண்ட, இடைவெளியில்லாத ஓய்வு வேண்டும் என்று வாதாடினார். அவர் பெயரால் வழங்கும் உலோகச் சட்டம் முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியது. அவர் பார்த்தவற்றில் பெரும்பங்கு காசநோய் தின்ற மூட்டுகள். அதற்கு மருந்தில்லாத காலத்தில் ஓய்வுதான் இருந்த முக்கிய வழி. அதே நூற்றாண்டில் பாரிஸில் லூகாஸ் சாம்பியோனியேர் என்ற அறுவை மருத்துவர் இதற்கு நேரெதிராகப் பேசினார்: முறிந்த எலும்பையும் சீக்கிரமே பிடித்துவிட வேண்டும், மெல்ல அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு கூடிவிடும், மூட்டு செத்துவிடும் என்று. அவரைக் கேட்டவர்கள் அப்போது குறைவு.

1970களில் டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் சால்டர் முயல்களின் முழங்கால் குருத்தெலும்பில் சிறு துளைகள் இட்டுப் பார்த்தார். சிலவற்றின் காலைக் கட்டிப்போட்டார். சிலவற்றைக் கூண்டில் இஷ்டம்போல் விட்டார். சிலவற்றின் காலை இயந்திரத்தில் வைத்து ஓயாமல் மடக்கி நீட்ட வைத்தார். நன்றாக ஆறியது அசைந்துகொண்டே இருந்த கால்தான். அந்த இயந்திரத்தின் வாரிசுகள் பிறகு அறுவை வார்டுகளுக்கெல்லாம் வந்தன. ஆனால் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு, இயந்திரம் தானாகக் காலை மடக்கி நீட்டிவிடுவதால் பெரிய பலன் கூடவில்லை என்று பின்னாள் ஆய்வுகள் கண்டன. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்து வைத்துத்தான் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூட்டுக்கு அசைவு வேண்டும். அந்த அசைவை அதே ஆளின் தசை செய்ய வேண்டும். மற்றொருவரோ மற்றொன்றோ அவருக்காக அதைச் செய்து கொடுத்துவிட முடியாது.

இதை மிக ஆழமாகக் கற்ற ஓர் இடம் நம் வேலூர். கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே அவர் கண்டது வரிசை வரிசையாக மடங்கி நின்ற கைகள். தொழுநோய் முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துவிடுகின்றன. அவற்றை எலும்பு அறுவை மருத்துவர் யாரும் அதுவரை கையிலெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசை செய்த வேலைக்கு மாற்றிக் கட்டும் அறுவையை அவர் செய்யத் தொடங்கினார்.

அறுவையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த வேலைதான் என் மனதில் நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் மடங்கியே கிடந்த விரல் மூட்டு இறுகியிருக்கும். அதில் எந்த நாணைக் கட்டினாலும் விரல் நிமிராது. ஆகவே முதலில் வெதுவெதுப்பான நீரில் கையை ஊற வைத்து, எண்ணெய் தடவி, உருக்கிய மெழுகில் தோய்த்து, மெல்ல மெல்ல விரலை நிமிர்த்த வேண்டும். மிகவும் இறுகிய விரலுக்கு மாவுக்கட்டு உருளை போட்டு, சில நாளுக்கொரு முறை அதைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி போட வேண்டும். மூட்டு தளர்ந்த பிறகுதான் கத்தி. அறுவைக்குப் பின் இன்னும் கடினமான பாடம்: நேற்று வரை வேறு வேலை பார்த்த தசை இன்று விரலை நிமிர்த்த வேண்டும். மூளைக்கு அது தெரியாது. அந்தக் கைகளுக்குத் தொடுவுணர்ச்சியும் இல்லை. வலி எச்சரிக்காது, சரியாகச் செய்தோமா என்று விரலும் சொல்லாது. நோயாளி கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து “இப்ப இந்த விரல், ஆமா, இன்னொரு தடவை” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இயன்முறை மருத்துவர். அதே வேலூரின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்தார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் எழுந்தது.

வலி தெரியாத கைக்கு அவ்வளவு காவல் தேவைப்பட்டது. நம் வீடுகளில் இருப்பதோ வலி தெரிந்த முட்டி. வலி தெரிவதாலேயே அது பயந்து ஒடுங்குகிறது.

ஐம்பதைத் தாண்டிய பெண்களின் முழங்கால்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகு இன்னும் அதிகம். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகிக் காட்டுகிறார். “இடைவெளி குறைஞ்சிருக்கு பாருங்க.” அந்த அம்மாவுக்கு இனி ஒவ்வோர் அடியும் இன்னும் கொஞ்சம் தேய்க்கும் என்று தோன்றிவிடுகிறது. படிக்கட்டை விடுகிறார், கோயிலை விடுகிறார், பக்கத்துத் தெருவை விடுகிறார். படத்தில் நன்றாகத் தேய்ந்திருந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு, படம் ஏறக்குறைய நன்றாக இருந்தும் துடிப்பவர்கள் உண்டு என்பதை அந்த அறையில் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

உடற்பயிற்சி செய்யச் சொன்னால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “விடிஞ்சதுலேர்ந்து வேலைதான் செய்றேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைசு?” இந்தக் கேள்வி நியாயமானது. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத மருத்துவத்தை நான் ஏற்க மாட்டேன்.

பதில் இதுதான். வீங்கி வலிக்கிற முழங்கால், தொடையின் முன்புறத் தசைக்குப் போகும் கட்டளையையே குறைத்துவிடுகிறது. அவர் விரும்பி அதைச் செய்வதில்லை. நரம்பு மண்டலம் அவரைக் கேட்காமலே செய்கிறது. கட்டளை குறைந்த தசை இளைக்கிறது. தசை இளைத்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேரே மூட்டில் இறங்குகிறது. வலி கூடுகிறது, தசை இன்னும் இளைக்கிறது. இதற்கிடையில் வீட்டு வேலையும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. எப்படி நடக்கிறது? எழும்போது கை தரையை ஊன்றுகிறது, படியேறும்போது கைப்பிடிச் சுவர் தாங்குகிறது, நிற்கும்போது பாரமெல்லாம் நல்ல காலுக்குப் போகிறது. இளைத்த தசையைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளை உடம்பு ஆயிரம் கண்டுபிடித்துவிடுகிறது. நாளெல்லாம் உழைத்தும் அந்த ஒரு தசைக்கு வேலையே கிடைப்பதில்லை. பயிற்சி என்பது அந்தத் தசையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது.

கூப்பிடும் விதம் மிக எளிது. கட்டிலில் காலை நீட்டி உட்கார வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைக்க வேண்டும். “துண்டை அமுக்குங்கம்மா. பாதத்த உங்க பக்கமா இழுங்க. பத்து எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க.” சத்தமாக எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாயை மூடிக்கொண்டு தசையை இறுக்குபவர்கள் மூச்சையும் அடக்கிவிடுவார்கள். ரத்த அழுத்தம் ஏறும். எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சு ஓடும். அடுத்தது, ஒரு காலை மடக்கி வைத்து மற்றக் காலை முட்டி மடங்காமல் ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது. பிறகு ஒருக்களித்துப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்குவது; முழங்காலின் நேர்த்திக்கு இடுப்புத் தசையும் பொறுப்பு. பிறகு உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து நின்று மெதுவாக உட்காருவது. உட்காருவதுதான் கடினம். தொப்பென்று விழாமல் தொடை தாங்கி இறங்கினால், அங்கே தசை திரும்பிவருகிறது என்று அர்த்தம்.

முதல் வாரங்களில் வலி சற்றுக் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால் பயந்து நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். டென்மார்க்கில் ஏவா ரூஸ், சோரன் ஸ்கூ இருவரும் 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வாரம் 2 முறையாக 12 அமர்வுகளில் இந்த வகைப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வலிக்கு அங்கே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: பயிற்சியின்போது பொறுக்கக்கூடிய வலி இருக்கலாம், மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கைவிட வேண்டியதில்லை.

2020இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் முழங்கால் தேய்மானம் கொண்ட 156 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மற்றதற்கு இயன்முறை மருத்துவமும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்க்கையில் வலியும் நடமாட்டமும் இயன்முறை மருத்துவம் பெற்றவர்களுக்கே நன்றாக இருந்தன. எல்லாவற்றையும் பயிற்சி தீர்த்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. 2015இல் டென்மார்க்கிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, முற்றிய தேய்மானத்துக்கு மூட்டு மாற்று அறுவைதான் வலியை அதிகம் குறைக்கிறது என்று தெளிவாகக் காட்டியது. அறுவையில்லாமல் பயிற்சி, எடைக்குறைப்பு முதலியவை பெற்ற 50 பேரில் ஓராண்டுக்குள் 13 பேர் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு அந்த ஓராண்டுக்குள் அது தேவைப்படவில்லை. அறுவை தேவைப்படுபவர்களும் வலுவான தொடையோடு மேசைக்குப் போனால் நல்லது. எடையைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்கால் ஒவ்வோர் அடியிலும் தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ 4 கிலோ குறையும்.

இயன்முறை மருத்துவம் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவு வருவது கரண்ட். “பத்து நாள் கரண்ட் வச்சேன், ஒண்ணும் கேக்கலை” என்று சொல்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஈரப் பஞ்சு வைத்த பட்டைகளைக் கட்டிவிட்டு, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்து அனுப்பிவிடும் கூடங்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காகிதம் ஒன்றைக் கையில் திணிப்பதோடு அங்கே வேலை முடிந்துவிடும். பிரிட்டனின் தேசிய வழிகாட்டி 2022இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது: தேய்மானத்துக்கு மின்சிகிச்சை கொடுக்க வேண்டியதில்லை, பயிற்சிதான் அடித்தளம். நொச்சி ஒத்தடமும் எண்ணெய்த் தொக்கணமும் மெழுகுக் குளியலும் எனக்குப் பிரியமானவை. சூடு தசையைத் தளர்த்தும். ஒரு கை பரிவோடு முட்டியைத் தொடுவது சிறிய விஷயமில்லை. ஆனால் அந்தத் தளர்ச்சி கிடைத்ததும் எழுந்து பயிற்சி செய்ய வேண்டும். படுத்துத் தூங்கிவிட்டால் பலன் சாயங்காலத்தோடு போய்விடும்.

தோள்பட்டைக்கும் இதே கதை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் உறை இறுகிக் கை உயராமல் போவது அதிகம். பின்னால் கைகொண்டுபோய்ச் சடை போட முடியாது, கொடியில் துணி போட முடியாது. பாஸ்டனின் எர்னஸ்ட் காட்மன் 1934இலேயே இதை விரிவாக எழுதினார். இடுப்பை வளைத்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. மாதக்கணக்காகும், சிலருக்கு ஆண்டும் கடக்கும். அவ்வளவு காலம் ஒருவர் தினமும் சுவரில் விரலால் ஏறிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் அவருக்கு அவகாசமும் துணையும் வேண்டும்.

அவகாசம், துணை. என் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியபோது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்த்தது. இது பெரிய காரியம். பேருந்துப் படி ஏற முடியாதவரை, பேருந்தில் ஏறி வந்து முட்டி வலிக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை யாரோ உணர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருபவர் கட்டிலின் உயரத்தைப் பார்ப்பார், கழிவறையில் பிடித்து எழக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பார், வாசல்படியைப் பார்ப்பார். மருத்துவமனை அறையில் இவை எதுவும் தெரியாது. ஆனால் ஓர் இயன்முறை மருத்துவர் பார்க்க வேண்டிய ஊர்கள் பல. அவர் வராத நாட்களில் யார் எண்ணுவது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற கணவர் அதை ஏற்றுக்கொண்டார். காலையில் காபியும் சட்னியும் அவர் பொறுப்பு. அந்த அரை மணி நேரம் மனைவியின் கால்களுக்கு. அவர் எண்ணுவது வேகம். “ஏங்க, மெதுவா எண்ணுங்க, கால் இன்னும் நடுங்குது” என்பார் அந்த அம்மா. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சில மாதங்களில் அந்த அம்மா மாடிக்குப் போய்த் துணி உலர்த்தினார். வலி முழுதும் போகவில்லை. கூட்டுக்குடும்பத்து மருமகள்களுக்கோ, காலை ஆறு மணிக்கே அடுத்த வீட்டுப் பாத்திரத்துக்குப் போய்விடும் பெண்களுக்கோ அந்த அரை மணி நேரத்தை யார் தருவார்கள்? “தினமும் செய்யுங்க” என்று எழுதிக்கொடுப்பவர் அதையும் கேட்க வேண்டும். கூட வந்த மகனிடம், கணவரிடம் நேராகக் கேட்க வேண்டும்.

நல்ல இயன்முறை மருத்துவர் முதல் நாளிலேயே ஒன்று கேட்பார்: “உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?” நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 டிகிரி மடங்கினால் போதும், நாற்காலியிலிருந்து எழ 90 டிகிரிக்கு மேல் வேண்டும், குந்தி உட்கார 130ஐத் தாண்ட வேண்டும். ஒருவர் பேத்தியோடு பள்ளிக்கு நடக்க விரும்புவார். இன்னொருவர் மார்கழிக் கோலத்தை விட மாட்டேன் என்பார். இரண்டுக்கும் வேறு வேறு திட்டம். கோலக்காரருக்குக் குட்டை முக்காலியில் தொடங்கலாம். தசை தேறத் தேற உயரத்தைக் குறைக்கலாம். சிலருக்குக் குந்துவது இனி முடியாது என்பதையும் கருணையோடு சொல்லலாம். தரையில் உட்காராதே, படியேறாதே, குனியாதே என்று தடைகளை மட்டும் எழுதி அனுப்பிவிடுவதால் எந்த முட்டியும் தேறுவதில்லை.

கையில் கிடைக்கும் பயிற்சிக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தரைவிரிப்பில் கால்சட்டையோடு படுத்திருக்கும் ஓர் இளைஞனின் படம்தான் இருக்கும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாதவருக்கு அந்தப் படத்தில் இடமில்லை. புடவையோ நைட்டியோ உடுத்திய, கனத்த உடம்புள்ள ஒரு பெண், கட்டிலில் சாய்ந்து, சுருட்டிய துண்டை முட்டியால் அமுக்கும் படம் வேண்டும். பக்கத்தில் எண்ணிக்கொண்டு வீட்டு ஆள் ஒருவரும் படத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணிகளுக்கான சத்துணவுப் படம் ஒட்டியிருக்கும் சுவரில் இதற்கும் இடமிருக்கிறது.